சவரிநாதனுக்கு ஒரு புகைப்பீப்பாய்

எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதைத் தொட்ட ஆண்களில் சிலர் எடை இழந்து கூரைக்குப் போய்விடுவார்கள். என் கணவர் சவரிநாதன் வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போனார். கொப்பளிக்க ஒரு செம்புத் தண்ணீரை எட்டிக் கொடுத்தேன். துப்புவதற்கு வாளியையும் தூக்கிப் பிடித்தேன். அன்று நூலகத்துக்கு விடுப்பு சொல்லி அனுப்பினோம். அவர் அங்கே நாளிதழ் அடுக்குபவர்.

கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. மின்விசிறியை நிறுத்தி வைத்தால் போதும். எங்களுடையது ஓட்டு வீடு. பக்கத்துத் தெரு லாசரஸ் வீட்டிலும் ஓடுதான். அவர் வீட்டார் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்ததில், ஒருநாள் மத்தியானம் அவர் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஓட்டையில் இப்போது ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறார்கள். வீடு நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று அவர் மனைவி சொல்கிறார். எனக்கு அந்த வெளிச்சம் வேண்டாம். தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓட்டுக்கு அடியில் இருக்கிற ரீப்பர் கட்டை பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறக்குவதற்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெதுவாக வெந்த கறி எடை கொடுக்கும். எவ்வளவு நேரம் வெந்ததோ அவ்வளவு நேரத்துக்கு. குக்கரில் மூன்று விசில் வைத்த கறியைத் துறட்டிக் கம்பில் கட்டி மேலே அனுப்பினேன். மூன்று விசில் நேரத்துக்குக் கீழே வந்தார். கால் நகம் வெட்டிக்கொள்ளச் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் கொதித்த ஆட்டுக்கால் பாயாவுக்கு இரண்டு மணி நேரம் நின்றார். குளித்தார், சவரம் செய்துகொண்டார், பிறகு துண்டோடு மேலே போனார். பன்னிரண்டு மணி நேரம் புகையில் வெந்த கறிதான் நிரந்தரம். புகையோடு உள்ளே போன எடை வெளியே வராது. ஆகவே நான் ஒரு புகைப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது. அதுவரை நான் வாழ்க்கையில் புகைத்தது சாம்பிராணி மட்டும்தான்.

புகைப்பெட்டிகள் விற்பவர் மைதீன் பாய். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே போனதும் இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, அது வேண்டும் என்றேன். ஒரு கட்டில் நீளம் இருந்தது. ஓரத்தில் விறகு போடத் தனி அறை, நடுவில் ஆள் படுக்கிற அளவு வயிறு. என் கணவர் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு, அதனால் பெரியதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாய் தலையை ஆட்டினார். அரை மணிக்கு ஒரு கட்டை போட வேண்டும், போட்ட கட்டைக்கு ஏற்பக் காற்றைத் திருக வேண்டும், கைப்பழக்கம் உள்ளவர்கள் சமாச்சாரம் அது என்றார். முதல் பெட்டியாக அதை வாங்கிப் போன மூன்று வீட்டிலும் இப்போது அதற்குள் கோழி அடைகிறதாம்.

அடுத்து மின்சாரப் பெட்டி. பொத்தானை அமுக்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வேறு. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கரண்டில் ஏறின எடை கரண்டோடு போய்விடும் என்றார் பாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், மின்தடை அன்று அவரைத் தூணில் கட்டிப்போடுகிறார்கள். மரத்தூள் வில்லையை மோட்டார் தானாகத் தள்ளிவிடுகிற பெட்டியும் ஒன்று இருந்தது. அதில் இறங்கிய ஆளை வருடத்துக்கு ஒருமுறை சர்வீசுக்கு விட வேண்டும். சவரிநாதன் பல் டாக்டரிடமே போகமாட்டார்.

மிஞ்சியது மூலையில் நின்ற இரும்புப் பீப்பாய். அடியில் கரிக்கூடை, மேலே கம்பிவலை, காற்றுக்கு இரண்டு துவாரம், ஒரு மூடி. கண்ணாடியும் இல்லை, பொத்தானும் இல்லை. இடுப்பில் ஒரு நசுங்கல். இதுவா என்று கேட்டேன். என் குரலில் அலட்சியம் தெரிந்திருக்க வேண்டும்.

"பெட்டியைப் பத்தி அப்புறம் பேசுவோம்மா," என்றார் பாய். "மூடியைத் திறக்காம இருப்பீங்களா, அதைச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் என்ன என்று யார் கேட்டாலும் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். வாயால் சொல்வது மரியாதை இல்லை. தபால்காரர் கேட்டாலும் காட்டுவோம். புகைப்பெட்டியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் எடை போய்விடுகிறது. அதனால்தான் ஊரில் இறங்கிய ஆண்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் உயரம்வரைதான் இறங்கியிருக்கிறார்கள். சைக்கிள் ஓட்ட வசதிதான். ஆனால் எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

பாய் பீப்பாயில் கரியைப் பற்றவைத்து, கறியில்லாமலே மூடி, முன்னால் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். பத்து நிமிடத்தில் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன். மறுநாள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். வழியோடு போன பூக்காரி, என்னக்கா உள்ளே என்றாள். கை தானாகப் போய்விட்டது. நாளைக்கு வாங்க என்றார் பாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைத் திட்டிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு இரண்டு ஓடுகள் நகர்ந்திருந்தன.

மூன்றாம் நாள் ஆறு பேர் கேட்டார்கள். அதில் இருவர் பாய் அனுப்பிய ஆட்கள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பாய் பீப்பாயைத் தட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். கறியில் குத்திவைக்க, சூட்டை முள்ளால் காட்டும் ஒரு கம்பியும் கொடுத்தார், முள் பீப்பாய்க்கு வெளியே தெரியும்படி.

"பாதியில முள் ஒரே எடத்துல நின்னுபோயிரும். நாலு மணி நேரம்கூட நிக்கும்," என்றார். "நிக்கட்டும். நீங்களும் நில்லுங்க."

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மாட்டின் நெஞ்சுக்கறி ஐந்து கிலோ, உப்பும் மிளகும் மட்டும் தடவி வைத்து, கரிமேல் கொய்யாக் கட்டை நாலு துண்டு போட்டு மூடினேன். முற்றத்தில் புகை மெலிசாக எழுந்தது. ஏழு மணிக்குப் பால்காரர் கேட்டார். காட்டமுடியாது என்றேன். அவர் பாலை ஊற்றாமல் போய்விட்டார். எதிர்வீட்டு ஞானசௌந்தரி கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து மணிக்குள் தெருவில் பாதி என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தது.

பதினோரு மணிக்கு என் மாமியார் அருளாயி வந்தார். மகனை நிமிர்ந்து பார்த்து நலம் விசாரித்தார். பிறகு முற்றத்துக்கு வந்து, பீப்பாயில் என்ன என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் பிள்ளைக்குத்தான வேக வைக்கிற? காட்டுனா என்ன?"

"காட்ட மாட்டேன் அத்தே."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் மாட்டேன் அது. அழுகை வந்தது. ஆனாலும் பீப்பாய்க்கு முன்னால் நின்று மறித்துக்கொண்டேன்.  அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, முதுகைப் பீப்பாய்க்குக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் கேட்க வந்தவர்களையெல்லாம் அவரே திருப்பி அனுப்பினார்.

பன்னிரண்டு மணிக்கு முள் நின்றது. ஒன்று, இரண்டு என்று மணி போனது, முள் போகவில்லை. கரி அணைந்துவிட்டதோ, கறி கருகிவிட்டதோ என்று பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்று மணிக்கு உள்ளே ஓடு உடைகிற சத்தம் கேட்டது.

"லூர்து," என்று கூரையிலிருந்து என் கணவர் என்னைக் கூப்பிட்டார். "தோளு வெளிய வந்துருச்சு. மாதா கோயில் கொடிமரம் தெரியுது."

எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னேன். உத்தரத்தைப் பிடித்திருப்பதாகவும் கை வலிப்பதாகவும் சொன்னார். மூடிக்கு மேலே என் கை நின்றது. இப்போதே எடுத்தால் முழங்கால் உயரம்வரையாவது இறங்குவார். கையை மடக்கிக்கொண்டேன். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு முள் அசைந்தது.

ஐந்து மணிக்குத் திறந்தேன். கறி கருங்காலிக் கட்டை மாதிரி இருந்தது, வெட்டினால் உள்ளே சிவந்த வளையம். முதல் துண்டைத் துறட்டியில் அனுப்பினேன். உத்தரத்தை விட்டுக் கையை எடுக்க முடியாமல் வாயாலேயே கவ்வினார். ஏழாவது துண்டுக்குத் தலை உள்ளே வந்தது. இருபதாவது துண்டுக்கு இரண்டு பாதமும் சிமெண்டுத் தரையில் பதிந்தன, தரையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டது. அத்தை அவர் காலைத் தடவிப் பார்த்து அழுதார். நானும் அழுதேன்.

எடை கொஞ்சம் அதிகமாகத்தான் ஏறியிருந்தது. அவரால் காலைத் தூக்க முடியவில்லை. தெருவில் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள் எல்லோரும் வந்து, அவரவர் முறைக்கு அவரை நகர்த்திப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் பால்காரரும் இன்னும் இருவரும் சேர்ந்து தம் கட்டினார்கள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவர்கள் திருப்தியோடு போனார்கள்.

அவர் நின்றது அடுப்படிக்குப் போகிற வழி. எனக்கு உலை வைக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், நாலு பேருக்கு அசையாதவர் என் கைக்கு மட்டும் வந்துவிட்டார். காய்ந்த துண்டைக் கொடியிலிருந்து எடுக்கிற மாதிரிதான் இருந்தது. காற்று படாத இடமாகப் பார்த்து வை என்றார் அத்தை.

திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவரை இடுப்பில் வைத்து நூலகத்துக்குக் கொண்டுபோகிறேன். மேசைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து, ஒரு மணிக்குப் போய் வெயில் முகத்தில் படாமல் திருப்பி வைக்கிறேன். ஐந்து மணிக்குத் திரும்பும்போது இடுப்பிலிருந்தபடியே அன்றைய செய்திகளைச் சொல்லிக்கொண்டு வருகிறார். நேற்று கோயில் திருப்பத்தில், பாரமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.