பையில்லாத பேன்ட்

இஸ்திரிப் பெட்டியின் மூக்கு எதிலோ இடித்து நின்றது. அவள் மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் இடித்தது. அப்பாவின் சாம்பல் நிறப் பேன்ட், வலது பக்கப் பை. அதற்குள் எதுவும் இருக்க வழியில்லை. வாயைத் தைத்து மூடிய பை அது. தைத்தவளே அவள்தான்.

கூடத்தில் அண்ணன் கையில் தாளோடு நடந்துகொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்துகொண்டு ஊரையே திட்ட வரும், நான்கு பேர் முன்னால் நின்று பேச வராது. அதனால் நேற்றிலிருந்து மனப்பாடம் நடந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா பத்தொன்பது வருஷம் பாவத்த ஜெயிச்சு வாழ்ந்தார். பத்தொன்பது வருஷத்துல அவர் பேன்ட்ல ஒரு நூல்கூடப் பிரியல..."

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அவன் குரல் உடைந்தது. உடைந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அப்பா ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். சனிக்கிழமை வேலைக்குப் போட்டுப் போன பேன்ட்டை, மறுநாள் சபை ஆராதனைக்கும் அதுவே ஆகட்டும் என்று நாற்காலி முதுகில் மடித்துப் போட்டுவிட்டுப் படுத்தார். ஞாயிறு காலை எழுந்திருக்கவில்லை. வலியில்லை, ஆஸ்பத்திரியில்லை. இருப்பதில் நல்ல பேன்ட் அதுதான் என்பதால் அதையே போட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று. பதினொரு மணிக்கு அடக்கம். பத்துக்குள் உடுப்பு வந்தாக வேண்டும் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அவள் பேன்ட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் எப்போதும் துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, மிஷினில் இரண்டு ஓட்டு ஓட்டுவாள். இது வெள்ளை நூல். கையால் போட்ட தையல், ஒன்று நீளம், ஒன்று குட்டை. லாண்டரியில் விருந்தினர் துணிகளில் அறை எண் பட்டை தைக்கிற நூல் அது. யார் தைத்தது என்று கேட்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் அப்பாவுக்குக் கை நீளம். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. லாண்டரிக்கு வருகிற சட்டைகளிலும் கோட்டுகளிலும் ஆட்கள் மறந்துவிட்ட சாமான் ஏதாவது கிடக்கும். ஒரு லைட்டர், ஒரு பேனா, ஒற்றைத் தோடு. அவற்றை அவர் விற்கவும் மாட்டார். கொண்டுவந்து அலமாரியில் வைத்து மூடுவார், அவ்வளவுதான். அவளுடைய பதினேழாவது பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். கடையில் வாங்கியது என்றார். அதே கடிகாரம் காணாமல் போனதற்காக, ஓட்டலில் அந்த விருந்தினரின் அறையைப் பெருக்கின பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

எட்டு மாதம் கழித்துத்தான் அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ கூப்பிட்டு ஒரு சபைக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒரு திங்கட்கிழமை, மகளின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் பிறகு மேனேஜரிடமும் போனார். அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு வருஷம் வேலையில்லை. அவள் அதற்கப்புறம் கடிகாரமே கட்டியதில்லை. இன்றும் மணியை யாரிடமாவது கேட்பாள்.

திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்ட அன்று, அவள் தையல் பழகிக்கொண்டிருந்த கடைக்கு அப்பா ஒரு புதுப் பேன்ட்டோடு வந்தார்.

"பையெல்லாம் தச்சு மூடிடும்மா."

"எதுக்குப்பா?"

"கைய வெட்டிப் போடுன்னு பாஸ்டர் பிரசங்கத்துல சொன்னார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லம்மா. பையத் தச்சுடு."

கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அன்றிலிருந்து சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார், கைக்குட்டையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டார். சபையில் பிள்ளைகள் அவரைப் 'பையில்லா மாமா' என்றார்கள். போதகர் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவரை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோருக்கும் காட்டுவார். அப்பா கூச்சத்தோடு திரும்பிக் காட்டுவார். அவளுக்கு அவரை நம்புவதற்கு ஏழு வருஷம் பிடித்தது. நம்பின பிறகு அதுதான் அவளுடைய நம்பிக்கையில் பாதி. கடவுள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், அவளுக்கு முதலில் அந்தப் பேன்ட்தான் ஞாபகம் வரும்.

பிளேடால் வெள்ளை நூலை அறுத்தாள். உள்ளே ஒரு அறை எண் பட்டைத் துணி சுருட்டியிருந்தது. 214 என்று அப்பாவின் கோணல் எழுத்து. அதைப் பிரித்ததும் ஒரு கஃப்லிங்க் உள்ளங்கையில் விழுந்தது. சட்டைக் கைமுனையில் மாட்டுவது, நீலக்கல் வைத்தது. ஒன்றுதான், ஜோடியில்லை.

ஒற்றையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? எடுத்தவர் எதற்காக அறை எண்ணை எழுதிச் சுற்றினார்? திருப்பிக் கொடுக்க நினைத்தவர் எதற்காக எடுத்தார்? எடுத்ததுதான் எடுத்தார், ஏன் தைத்தார்? அலமாரியைத் திறந்து மற்றப் பேன்ட்டுகளை இழுத்துப் போட்டாள். பழைய பழுப்புப் பேன்ட்டிலும் அதே வெள்ளை நூல். வீட்டுத் துணியையெல்லாம் அவரேதான் துவைத்துத் தேய்த்து மடித்து வைப்பார். எவ்வளவு நல்ல அப்பா என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள். கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"ஆச்சா? வண்டி வந்துடுச்சு!" என்றான் அண்ணன்.

மறுபடி தைக்க நேரமில்லை. பேன்ட்டை அப்படியே மடித்துக் கொடுத்தனுப்பினாள். கஃப்லிங்க் அவளுடைய கறுப்புக் கோட்டின் பைக்குள் போனது.

சபை வாசலில் பெட்டி அக்கா நின்றிருந்தாள். லாண்டரியில் மறந்த சாமான் பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். அறுபது வயது ஆகப்போகிறவளை மேனேஜர் முதல் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கடிகாரத்துக்காக வேலை போன பெண் அவள்தான்.

அவளைப் பார்த்ததும் அக்கா கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"பாப்பா, தப்பா எடுத்துக்காத. பேன்ட்ல ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஏன் சொன்னாள்? அப்பாவின் மானத்தைக் காப்பாற்றவா? அது மட்டுமில்லை. பைக்குள் விரல்கள் அந்தக் கல்லைப் பிடித்திருந்தன, விட மனசில்லை. அவர் கடைசியாகத் தொட்ட பொருள் அது. அது அவளுடையது என்றே கை நினைத்துக்கொண்டது.

அக்கா அவள் கோட்டையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் என் மூஞ்சியப் பாக்காம போனார். அப்பவே தெரியும் எனக்கு. சரி, திங்கக்கிழமை காலைல வந்துடும்னு விட்டுட்டேன்."

"என்ன வந்துடும்?"

"எடுத்தது. ஷிஃப்டுக்கு முன்னாடி வந்து என் மேஜை மேல வச்சுட்டு நிப்பார். வாயத் திறக்க மாட்டார். மொத தடவ ஓங்கி ஒண்ணு விடலாமான்னு இருந்துச்சு எனக்கு. நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அவர் நின்ன நிலையப் பாத்துட்டு விட்டுட்டேன். எடுத்துப் பெட்டில போட்டுருவேன். அவர் போய் பிரஸ் மிஷின் பின்னாடி உக்காந்து பையத் தைப்பார். நாய் கடிச்ச மாதிரி ஒரு தையல்! அழுவார். அப்புறம் ஒரு டீ குடிப்பார். அப்புறம் வேலை."

"எத்தன தடவ?"

"ஏழு. மொத வருஷமே நாலு. அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. கடைசியா ஆறு வருஷம் முன்னாடி. இனிமே இல்லன்னு நானே நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உனக்குத் தெரிஞ்சா நீ தைக்கறத நிறுத்திடுவியோன்னு அவருக்குப் பயம். பையத் தைக்கறது நான், கையப் பிடிக்கறது அவருன்னு சொல்வார். கடவுளச் சொல்றார். அப்ப ஏழு தடவ அவர் கைய விட்டாரான்னு கேட்டேன். இல்லக்கா, உன் மேஜை வரைக்கும் இழுத்துட்டு வந்தாரேன்னார். எனக்கு ஒண்ணும் புரியல, போ."

அவளுக்கும் புரியவில்லை. மணி அடித்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. முன் வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திறந்த பெட்டிக்குள் அப்பா சாம்பல் நிறப் பேன்ட்டில் படுத்திருந்தார். பூக்கள் இடுப்பை மூடியிருந்தன. அடியில் பை திறந்துதான் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். பாவத்தை ஒரே நாளில் அறுத்துப் போட்ட மனிதர் இவர் என்று போதகர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அண்ணன் பக்கம் சாய்ந்தாள்.

"ஒரு நூல்கூடப் பிரியலன்னு சொல்லாதண்ணா."

"ஏன்?"

"பிரிஞ்சிருக்கு. எட்டு தடவ."

அண்ணனின் வாய் திறந்து அப்படியே நின்றது. "அப்ப எல்லாம் பொய்யா?"

"தெரியல."

"என்னடி தெரியல? நான் மேல போய் என்னத்தச் சொல்றது?"

"எடுத்தத ஏழு தடவ திருப்பிக் குடுத்திருக்கார். திருப்பித் தச்சிருக்கார்."

"யாரு?"

"அவரேதான்."

அதற்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் மேலே ஏறினான். தாளைப் பிரித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். தேறட்டும் என்று சபை காத்திருந்தது. போதகர் தண்ணீர் கொண்டுவரச் சைகை செய்தார்.

"எங்கப்பாவுக்கு..." என்றான் அண்ணன். "எங்கப்பாவுக்கு நல்லா தைக்க வராது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளைகள் வரிசையில் சத்தமாகவே சிரிப்பு எழுந்தது. பாவம், துக்கத்தில் உளறுகிறான் என்று ஒருத்தி பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

"ஆனா தச்சார்," என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கி வந்தான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது மணி என்னவென்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வண்டியில் ஏறாமல் நடந்தாள். ஓட்டலின் பின்வாசல் வழியாக உள்ளே போனபோது, லாண்டரியில் சூடும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. பிரஸ் மிஷின் பக்கத்தில் ஒரு புது ஆள் படுக்கை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தான். பெட்டி அக்கா கறுப்புச் சேலையோடேயே வேலைக்கு வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கை பையிலிருந்து வெளியே வந்தது. விரல்கள் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பட்டைத் துணியோடு கஃப்லிங்கை மேஜை மேல் வைத்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

அக்கா 214 என்பதை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு எழுந்துபோய், மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு கப்பை எடுத்துக் கழுவி, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.