ஈரக் கால்

கூடத்துத் தக்தாவின் ஒரு காலில் கறையான் மண் ஏறியதைப் பார்த்ததும், பழைய சாமான் வாங்கும் பாலகணேஷுக்குத் தௌசீஃப் போன் போட்டுவிட்டான். "ஞாயித்துக்கெழம வந்து தூக்கிக்கினு போயிடு நைனா. நான் சோபா சொல்லிட்டேன்."

தக்தா, நாலு கால் வைத்த அகலமான தேக்கு மேடை. தௌசீஃபின் அம்மா அஃப்சருன்னிசாவுக்கு முட்டிவலி. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். தக்தாவின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை ஏற்றிக்கொண்டுதான் ஐந்து வேளையும் தொழுவாள். அமுங்குகிற சோபாவில் நெற்றியை எங்கே வைப்பது? மகனிடம் அவள் அதைக் கேட்கவில்லை.

தங்கை சிம்ராவும் பேசுகிறவள் அல்ல. பி.எஸ்ஸி. வைவாவில் பதில் தெரிந்தும் குரல் வராமல் நின்றவள். கோணி ஊசியால் கறையான் ஏறிய தக்தாக் காலைக் குத்திப் பார்த்தாள். நகக்கண் அளவு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. உள்ளே கட்டை நன்றாகத்தான் இருந்தது.

மண்ணைச் சுரண்டினாள். தக்தாவைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டாள். அண்ணனின் கேரம் பவுடர் டப்பாவில் போரிக் என்று போட்டிருந்தது. அத்தனையையும் வெந்நீரில் கரைத்துப் பூசினாள்.

"ஏன்டி, தக்தா இன்னா ரெட் காயினா போடப் போவுது?" என்று கத்தினான் தௌசீஃப்.

"கறையானுக்கு" என்றாள்.

டேபிள் ஃபேன் வைத்தும் அந்தக் கால் மட்டும் காயவில்லை. மாலை அசர் தொழுகை நேரத்தில் காரணம் தெரிந்தது. அம்மா முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, பாதத்தில் நீர் சொட்டச் சொட்ட வந்து அந்த மூலையில் ஏறினாள். தண்ணீர் பலகை இடுக்கில் நுழைந்து தக்தாவின் காலில் வழிந்தது.

தொழுது முடிக்கும்வரை சிம்ரா காத்திருந்தாள்.

"அம்மி, உங்க கால் ஈரந்தான் கட்டையில எறங்குது. தொடச்சிட்டு ஏறுங்க."

"எத்தன வருசமா ஏறுறேன்! ஒளு பண்ண காலத் தொடைக்கணுமா?"

"தொடச்சா ஒளு முறியாது."

"காலேஜு படிச்சிட்டு எனக்கு மார்க்கம் சொல்றியாடி?"

சிம்ராவுக்குக் காது சுட்டது. வேறு நாளாக இருந்தால் அடுப்படிக்கு ஓடியிருப்பாள். "ஈரம் நிக்கலைன்னா நான் எதப் பூசியும் புண்ணியமில்ல. அப்புறம் சோபாதான்" என்று சொல்லி, கீழே ஒரு துண்டை விரித்தாள்.

மக்ரிபுக்கு அம்மா துண்டைத் தாண்டி ஏறினாள். சிம்ரா பலகையைத் துடைத்தாள். இஷாவுக்கும் அப்படியே. மறுநாளும் அம்மா தாண்டினாள். மறுநாளும் இவள் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலகணேஷ் வந்து தக்தாவின் காலைத் தட்டிப் பார்த்தான். "இன்னா தலைவா, கல்லு மாதிரி கீது. இதப் போயி விக்கிறே?"

"பேசியாச்சில்ல, தூக்கு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அப்போது அம்மா முகமும் கையும் ஈரமாக வந்தாள். "வழி விடுங்க. லுஹர் ஆயிடுச்சு."

துண்டின் மேல் நின்றாள். ஒரு கையால் சிம்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதமாக அழுத்தித் தேய்த்தாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்து, காய்ந்த கால்களை மேலே ஏற்றினாள். பாலகணேஷ் கையை எடுத்துவிட்டான்.

"அப்ப சோபா?" என்றான் தௌசீஃப்.

"உன் ரூம்ல போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா தொழ ஆரம்பித்தாள்.