ஆறு நாற்பது வண்டியில் ஒரு சக்கர நாற்காலிக்கு இடம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்ன ஒற்றை வாக்கியத்திலிருந்து எடுத்தது.

"இன்னிக்கு ஒரு மனுஷனை, அவர் பண்ணாத தப்பை ஒத்துக்க வெச்சுட்டேன்."

என்ன ஏது என்று கேட்டேன். "அந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி" என்றார். அவ்வளவுதான். மீதியை நான்கு நாட்களில், கேட்பது தெரியாமல் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். கிடைக்காத இடங்களை நானே நிரப்பினேன். எது அண்ணி சொன்னது, எது நான் போட்டது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணி வேலை பார்க்கும் இடம் ஒரு கிடங்கின் பின்னறை. ஒரு மேசை, ஒரு போன், சுவரில் நாற்பத்து மூன்று ஊர்களைக் குறித்த வரைபடம், வாசலில் இரண்டு வேன்கள். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களில் இருக்கும் வயதானவர்களையும், நடக்க முடியாதவர்களையும், வாடகை வண்டி பிடிக்க வசதியில்லாதவர்களையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சேவை அது. யாரை, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று பட்டியல் போடுவது அண்ணியின் வேலை. பயணிகள் அவரை 'வண்டியம்மா' என்பார்கள். கதையிலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

பனி விலகாத காலையில், சந்தின் முனையில், சக்கர நாற்காலியில் ஒரு மனிதர் தனியாக—

(வேண்டாம். பனி என்று எழுதியதுமே நீங்கள் பரிதாபப்படத் தயாராகிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்:

வேன்கள் இரண்டு. சாய்தளம் உள்ளது ஒன்றில் மட்டும். அதன் தரையில் நான்கு பெல்ட்டுகள் உண்டு. ஒரு சக்கர நாற்காலியை ஆடாமல் கட்ட நான்கும் தேவை. எனவே ஒரு பயணத்துக்கு ஒரு நாற்காலி—

(இது கதை இல்லை, விண்ணப்பப் படிவம். ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. அண்ணியின் வேலை முழுவதும் இந்த ஐந்து வரிக்குள்தான் இருக்கிறது. இருக்கட்டும்.)

மூன்றாம் தொடக்கம் ஒரு விதி. அதிலிருந்தே போகிறேன்.

3

பதிவு செய்தவரின் வாசலில் வேன் ஐந்து நிமிடம் நிற்கும். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். யாரும் வராவிட்டால் தாளில் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மூன்று 'ஆள் இல்லை' விழுந்தால், அவருடைய இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

(விதியைப் போட்ட, சேவையை நடத்தும் செயலாளரை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். தங்கப்பல்கூட வைத்திருந்தேன். படித்துப் பார்த்த அண்ணி, "விதி வர்றதுக்கு முன்னாடி பாதி நாள் வேன் காலியா சுத்தும். இன்னொரு பக்கம் இடம் கிடைக்காம ஒருத்தர் வீட்டுல கிடப்பார். அந்த மனுஷன் வேற என்னதான் பண்ணுவார்? முதல்ல அந்தப் பல்லைப் பிடுங்கு" என்றார். பிடுங்கிவிட்டேன்.)

பயணிகளில் ஒருவர் ஒரு தையல்காரர். வயது அறுபத்தெட்டு. சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டது. பிறகு சிறுநீரகங்கள் படுத்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனையில் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஏற்கெனவே அவர் பெயரில் இரண்டு 'ஆள் இல்லை' இருந்தன. இரண்டும் நியாயமானவை. ஒருமுறை மருத்துவமனையிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். வண்டி வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார். இன்னொரு முறை பக்கத்து ஊர்க்காரர் காரில் போய்விட்டார், அப்போதும் சொல்லவில்லை.

அவர் வீட்டு முன்வாசலில் ஏழு படிகள். அதனால் தம்பி மனைவி வேலைக்குக் கிளம்பும் முன், பின்கதவு வழியாக நாற்காலியைத் தள்ளிவந்து பின்சந்தில் தெருக்குழாய் பக்கம் நிறுத்திவிட்டுப் போவார். வழக்கமான ஓட்டுநருக்கு இது தெரியும். 'மீசை' என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். எந்த வீட்டில் எந்தக் கதவு, யாருக்குக் காது கேட்காது, யாருடைய நாய் குரைப்பதோடு நிற்காது, எல்லாம் மீசையின் தலைக்குள் இருந்தன. வண்டியம்மாவின் தலைக்குள்ளும் இருந்தன. தாளில் இல்லை. அன்றாடம் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று மீசை வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். மாற்று ஓட்டுநர் வந்தார். வியாழக்கிழமை வண்டியம்மா அவரிடம் சாவியையும் வெள்ளிக்கிழமைக்கான தாளையும் கொடுத்தாள். டீசல் எங்கே போடுவது என்று சொன்னாள். இரண்டாவது கியர் இழுத்துத்தான் விழும் என்று சொன்னாள்.

பின்சந்தைப் பற்றிச் சொல்லவில்லை.

4

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு அறையைத் திறந்தபோது, மாற்று ஓட்டுநர் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். தையல்காரரின் வரிசையில், அச்சடித்தது போன்ற கையெழுத்தில்: 'ஆள் இல்லை. 6.40 முதல் 6.45. ஹாரன் இரண்டு முறை.'

மூன்றாவது. வண்டியம்மா அதிகம் யோசிக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலை எடுத்தாள். அடுத்தது சலவைக்கடைக்காரரின் தங்கை. முப்பத்தொரு வயது. விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருப்பவள். அதே மூன்று நாட்கள், அதே மருத்துவமனையில் பிசியோதெரபி. முதல் ஒரு வருடத்துக்குள் கிடைக்கும் பயிற்சிதான் கணக்கு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த வருடத்தில் ஏழு வாரங்கள் இந்தப் பட்டியலிலேயே போயிருந்தன.

"திங்கட்கிழமையிலேர்ந்து உங்களுக்கு இடம் இருக்கும்மா."

"நிஜமாவா சொல்றீங்க? விளையாடாதீங்க."

"காலங்காத்தால போன் போட்டு விளையாடுவாங்களா?"

"அப்போ இனிமே எங்கண்ணன் கடையைப் பூட்டிட்டு என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு ஓட வேண்டாம். டேய் அண்ணா, இங்க வா, உனக்கு விடுதலைடா."

வண்டியம்மா சிரித்தாள். வேலையில் இப்படி ஒரு போன் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

ஒன்பது மணிக்குத்தான் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பார்கள். ஒன்பது இரண்டுக்குத் தையல்காரர் கூப்பிட்டார்.

"வண்டி வரலையேம்மா."

"வந்துச்சே ஐயா. அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. ஹாரன்கூட அடிச்சிருக்காங்க. நீங்கதான் இல்லை."



"நானா இல்லை?"

"தாள்ல இருக்கு ஐயா. இது மூணாவது தடவை. விதி உங்களுக்குத் தெரியுமில்ல? இடத்தை இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன்."

"ஓ. ராத்திரி சரியாத் தூக்கமில்லை. உட்கார்ந்தபடியே கண்ணசந்திருப்பேன் போல. தப்பு என்னோடதுதான்மா. உன்னை வேற சங்கடப்படுத்திட்டேன்."

"பரவாயில்லை ஐயா" என்றாள் வண்டியம்மா.

(அந்தப் 'பரவாயில்லை' நான் போட்டது இல்லை. அண்ணி சொன்னது. எனக்கு அப்படிப் போட வராது.)

போனை வைத்தபின்தான், அவர் பேசும்போது பின்னால் கேட்ட சத்தம் அவளுக்கு உறைத்தது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். வரிசையில் யார் முன்னால் என்று இரண்டு பெண்கள் வாய்த்தகராறு. தெருக்குழாய். தையல்காரர் சந்திலிருந்து பேசியிருக்கிறார். ஆறரையிலிருந்து, பிரேக் போட்ட நாற்காலியில், அங்கேயேதான் இருந்திருக்கிறார். வீட்டின் மறுபக்கத்தில் அடித்த ஹாரனை, யாரோ யாருக்கோ அடிப்பதாக நினைத்துக்கொண்டு.

அவள் படத்தைத் திறந்து மறுபடி பார்த்தாள். ஓட்டுநர் மேல் ஒரு குறையும் இல்லை. வாசல் என்று தாள் சொன்னது. வாசலுக்குப் போயிருக்கிறார்.

அன்று தையல்காரர் பால் வேனில் மருத்துவமனைக்குப் போனார். நாற்காலியைக் கேன்களுக்கு நடுவே கயிற்றால் கட்டினார்கள். போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. பாதி நேரம்தான் இயந்திரம் கிடைத்தது. பால் வேன்காரர், "ஒரு நாள்னா சரி ஐயா, தினம் முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இது அண்ணி சொன்னது. கயிறு மட்டும் நான்.

5

தையல்காரர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாது. செய்யாத தப்பை ஏற்றுக்கொள்கிறவரைப் பார்த்தால், எழுதுகிறவர் வசதிக்காகச் செய்துவைத்த ஆள் போல இருக்கிறது. அண்ணியிடம் சொன்னேன்.

"அவரா நல்லவர்? ஒரு நாள் வேன்ல வந்து பாரு. மீசையோட சட்டையைப் பார்த்துட்டு, 'இந்தத் தோள்பட்டையைத் தைச்சது யாரு, உன் எதிரியா?'ன்னு கேட்டவர். ஏசி போட்டா குளிரும்பார், அணைச்சா வேகுதும்பார்."

"அப்புறம் ஏன் அண்ணி உடனே ஒத்துக்கிட்டார்?"

அண்ணி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தாள்ல இருக்குன்னு சொன்னேன்ல."

வண்டியம்மாவின் மேலும் அண்ணிக்குப் புகார் இருந்தது.

"என்னை எதுக்கு 'அவள்'னு எழுதியிருக்கே?"

"கதையில அப்படித்தான் அண்ணி எழுதுவாங்க."

"செயலாளர் மட்டும் 'அவர்'. பல்லைப் பிடுங்கினதுக்கு இவ்வளவு மரியாதையா?"

இந்தப் புகாரையும் எழுதிவைக்கிறேன். 'அவள்' அப்படியே இருக்கட்டும். அண்ணியிடமிருந்து வண்டியம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

6

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திங்கட்கிழமைப் பட்டியல் ஓட்டுநருக்குப் போக வேண்டும். அதற்குள் வண்டியம்மா ஏதாவது செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. வண்டியம்மா செயலாளரிடம் போய், சந்தைப் பற்றித் தாளில் எழுதாதது தன் தப்பு என்கிறாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அப்படின்னா இடம் அவருக்குத்தான். சரி, அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது?" என்கிறார். "நான்தான் சொல்லணும்." அவள் போன் செய்கிறாள். சலவைக்கடைக்காரரின் தங்கை, "பரவாயில்லைக்கா, காத்திருந்து பழகிடுச்சு" என்று—

("அவ அப்படிச் சொல்ல மாட்டா" என்றார் அண்ணி. "கிழிகிழின்னு கிழிப்பா. 'கொடுக்கும்போதே யோசிச்சுக் கொடுக்க மாட்டீங்களா, நாங்க என்ன விளையாட்டுச் சாமானா'ம்பா. ஒருத்தர் வாயில பரவாயில்லை வந்தா போதாதா உனக்கு?")

இரண்டாம் முடிவு. வண்டியம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் ஒத்துக்கொண்டுவிட்டார், தாள் சரியாக இருக்கிறது, இடம் ஒரு இளம்பெண்ணுக்குப் போயிருக்கிறது. கேள்வி கேட்க ஆளே இல்லை. மீசை திரும்பி வந்து, சந்தில் ஏன் நிற்க வேண்டாம் என்று கேட்கிறார். விதி என்கிறாள். இரண்டாவது வாரம் பால் வேன்காரர் கையை விரிக்கிறார். மூன்றாவது வாரம், புதன்கிழமை, தையல்காரர்—

(இதை முடிக்கப்போவதில்லை.)

மூன்றாம் முடிவு. பட்டணத்திலிருந்து ஒரு நன்கொடையாளர் இரண்டு நாற்காலிகளுக்கு இடமுள்ள புது வேன் ஒன்றை—

(அண்ணி சிரித்த சிரிப்பில் உலையில் வைத்த அரிசியைக் கவனிக்க மறந்துவிட்டார். "நீ எழுதினதும் வாசல்ல வந்து நிக்குமா? அப்போ ரெண்டா எழுது.")

முதல் முடிவில் ஒரு பெண்ணின் வருடம் போகிறது. இரண்டாவதில் ஒரு மனிதரே போகிறார். அப்படிப் பார்த்தால் எது சரி என்பதில் குழப்பமே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். அண்ணி, "சரிதான். சரியானதைத்தான் செய்யணும். ஆனா காலையில எட்டே முக்காலுக்கு 'விடுதலைடா'ன்னு கத்தினது என் காதுலதானே விழுந்துச்சு" என்றார்.

7

நிஜத்தில் என்ன செய்தீர்கள் என்று நேற்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நடந்தது என் வேலை. நீ கதைதானே எழுதுறே, எழுது." கொஞ்சம் கழித்து, சமையலறை விளக்கை அணைக்கும்போது, "ஒண்ணு மட்டும் மாத்து. 'தப்பு என்னோடதுதான்மா'ன்னு அவர் சொன்னார்ல, அதை எடுத்துடு. சண்டை போட்டார்னு எழுது. நல்லா நாலு வார்த்தை கேட்டார்னு எழுது."

"அப்படிக் கேட்டாரா அண்ணி?"

"கேட்டிருந்தா உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்?"

உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். தையல்காரர் கத்தினார். நன்றாகவே கத்தினார், நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்ததால் எழுதவும் சுலபமாக வந்தது. ஆனால் அவர் கத்திய பிறகு, வண்டியம்மா செய்ய வேண்டியது ஒன்றுமே மிச்சமில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் பழையதையே திரும்ப வைத்துவிட்டேன். அண்ணி இதைப் படிப்பார். மன்னித்துவிடுங்கள் அண்ணி.

இனி மணி மூன்று நாற்பது. வண்டியம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருகிறாள். திங்கட்கிழமைத் தாளில் ஆறு நாற்பது என்ற வரி மட்டும் காலியாக இருக்கிறது. அவள் ஒரு எண்ணைச் சுற்றுகிறாள். யாருடைய எண் என்று நான் பார்க்கவில்லை. தையல்காரர், சலவைக்கடைக்காரரின் தங்கை, யார் எடுத்தாலும் அவள் முதலில் சொல்ல வேண்டியது, தப்பு என்னுடையது என்பதுதான். அதுவரை எனக்கு எழுதத் தெரிகிறது. அதைக் கேட்டபின் அந்தப் பக்கத்திலிருந்து வரப்போகும் பதில் எனக்குத் தெரியவில்லை.

அவள் போனை வைத்துவிடவும் கூடும். அதற்கும் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அதிகம் இல்லை. அவர்கள் இரண்டு பேருமே எழுந்து போய்ப் போனை எடுக்க முடியாதவர்கள். அதனால் எப்போதும் மடியிலேயே வைத்திருப்பார்கள்.

இதோ, போனை உங்கள் கையில் கொடுக்கிறேன். மணி ஒரு தடவைக்கு மேல் அடிக்காது, எடுத்துவிடுவார்கள்.