நன்றி சொன்னால்

தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைந்த விரிப்பை முதுகுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள் அக்கா. அப்போதுதான் சொன்னான்.

"தேங்க்ஸ்க்கா."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளாத வார்த்தை. அதுகூடப் பரவாயில்லை. வீடியோ கேம்களுக்கு வசனம் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அவன் கதைகளில் யாராவது வீரனின் கையைப் பிடித்து உருகி உருகி நன்றி சொன்னால், அடுத்த காட்சியில் அந்த ஆள் இருக்க மாட்டான். "நன்றி சொல்லவிட்டுட்டுதான்க்கா சாகடிப்பேன். அப்பதான் விளையாடுறவன் அழுவான்" என்று அவனே பீற்றிக்கொண்டிருக்கிறான்.

"வாயை மூடிட்டுப் படுடா. எனக்கு எதுக்கு தேங்க்ஸு?"

"சும்மாதான்..." மூச்சு வாங்கியது. "நன்றி எழுதிடலாம்க்கா. அதுக்குப் பதில்தான் எழுத வராது. விளையாடுறவன் தேர்ந்தெடுக்க மூணு பதில் காட்டணும். 'பரவாயில்ல', 'என் கடமை'ன்னு எதையாவது போட்டு ஒப்பேத்திடுவேன். நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

"இன்னொரு வாட்டி சொன்னே, அறைஞ்சிடுவேன்னு சொல்லுவேன்."

"அட, இது நல்லாருக்கே" என்று சிரிக்கப் போனான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை. உதட்டில் நீலம் ஏறியது. கட்டிலோரத்து ஆக்சிஜன் சிலிண்டரின் திருகை இன்னும் திருகப் பார்த்தாள்; அது ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இங்க கொண்டுவந்தாலும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. பக்கத்துலயே இருங்க."

பக்கத்திலேயே இருந்தாள். தலையணையை உயர்த்தினாள், பிறகு தாழ்த்தினாள். ஜன்னலைத் திறந்தாள், முகத்தில் வெயில் அடித்ததும் சாத்தினாள். என்னவோ சொல்ல அவன் காதருகே குனிந்தாள்.

"தண்ணி குடிக்கிறியாடா?"

வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். கீழே பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. அதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

உடலை எடுத்துப்போக ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. படி வழியாகத் தூக்கினார்கள். அவர்களுக்கு முன்னால், அவர்களைப் பார்த்தபடியே அவள் பின்னோக்கிப் படியிறங்கினாள்.

"பாத்துங்க... திருப்பத்துல கைப்பிடி நீட்டிக்கிட்டு இருக்கும். அவன் கால்ல இடிச்சிடப் போவுது."

"சரிங்கம்மா."

துருத்திக்கொண்டிருந்த இரும்பு முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவர்கள் கடந்து போகும்வரை சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.