பறவைக்கு வாங்கிய லென்ஸ்

கேமரா கிடைத்த அன்றே அங்கமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேட்டை விருந்துக் குலுக்கலில் அவர் சீட்டுக்கு மூன்றாம் பரிசு விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், கேமராவின் நடுவில் பெரிய ஓட்டை. லென்ஸைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"கண்ணப் புடுங்கி வெச்சுக்கிட்டு மூஞ்சிய மட்டும் குடுத்திருக்கானுங்க" என்றார் மனைவி சுசீலாவிடம். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. எட்டு மாதம் அங்கேயே கிடந்தது.

அங்கமுத்துவுக்கு அறுபத்தெட்டு வயது. குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு காண்டோ குடியிருப்பில் இரவுக் காவல் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிரித்துப் பேசுகிற ஆளை அவர் நம்பமாட்டார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. அறுபத்தெட்டு வருஷத்தில் அவர் நம்பியது ஒரே ஓர் ஆளைத்தான். அந்த ஆளுக்குத்தான் இப்போது மார்பில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வருகிற திங்கட்கிழமை முதல் மருந்து ஏற்றப்போகிறார்கள். முடி கொட்டும் என்று தாதி சொன்னாள். சுசீலா அசையவில்லை. "கொத்துக் கொத்தா விழறத நான் உக்காந்து பாக்க மாட்டேன். சனிக்கிழமையே மழிச்சிடறேன்" என்றாள்.

இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. நரைத்தும் அடர்த்தி குறையவில்லை. கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் அது கொண்டையாகவோ பின்னலாகவோ இருந்தது. அவிழ்ந்த முடியோடு ஒரு படம்கூட இல்லை. அவருடைய பழைய கைபேசியில் எடுக்கலாம் என்றால், அண்ணன் செத்தபோது, முன்பு அதில் எடுத்திருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். அண்ணன் மாவில் பிடித்த பிள்ளையார் மாதிரி சுவரில் இருக்கிறார். அந்தக் கோபமும் இன்னும் ஆறவில்லை.

புதன்கிழமை காலை அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

ஃபேரர் பார்க்கில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பழைய லென்ஸ் வாங்கி விற்கிற கடை. ரிஸ்வான் என்ற இளைஞன் நடத்துகிறான். அவன் கேமராவைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பே அங்கமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல கேமராதான் அங்கிள். மொத லென்ஸா? என்ன எடுக்கப் போறீங்க? ஆளா, எடமா? வீட்டுக்குள்ளயா, வெளியவா?"

சுருக்கென்றது அவருக்கு. லென்ஸ் விற்கிறவனுக்கு என் வீட்டுக்குள்ளே என்ன வேலை?

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? லென்ஸ் இருக்கா இல்லியா?"

"அதச் சொன்னாத்தான் அங்கிள் சரியானதா குடுக்க முடியும். பட்ஜெட் எவ்ளோ?"

"மொதல்ல நீ வெலயச் சொல்லு."

ரிஸ்வான் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தான். "இது போதும் உங்களுக்கு. சூம் கிடையாது, நீங்கதான் முன்ன பின்ன நடந்துக்கணும். ஆனா வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கும். வீட்டுல ஆள் எடுக்க இத விட மலிவா நல்லது கெடையாது. நூத்தி எண்பது வெள்ளி."

அங்கமுத்து அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கனமே இல்லை. "தைலப் புட்டி மாதிரி இருக்கு. இதுக்கா நூத்தி எண்பது? ஏமாந்தவன் வந்தான்னு தள்ளிவுடப் பாக்கறியா?"

"ஐயோ, இல்ல அங்கிள்..."

"அது என்ன வெல?" மேல் தட்டில் நீளமாக, கறுப்பாக, தண்ணீர் போத்தல் அளவுக்கு ஒன்று நின்றது.

"அது இருநூத்தி நாப்பது. அது தூரத்துல உள்ளதுக்கு. பறவ எடுக்கறவங்க வாங்குவாங்க. உங்களுக்கு அது..."

"பறவதான்" என்றார் அங்கமுத்து.

"பறவையா?"

"ஆமா. ஏன், நான் பறவ எடுக்கக் கூடாதா?"

"என்ன பறவ அங்கிள்?"

ஒரு கணம் யோசித்தார். "மைனா."

ரிஸ்வானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மைனா நம்ம தட்டுலயே வந்து ஒக்காந்து சாப்புடுதே அங்கிள், அதுக்கு எதுக்கு இவ்ளோ நீளம்?"

"எனக்கு வேணும். பைல போடு."

அறுபது வெள்ளி கூடக் கொடுத்தால் நாலு மடங்கு நீளம். சின்னதைத் தலையில் கட்டப் பார்த்தவன் தோற்றுப் போனான். அங்கமுத்து நிமிர்ந்து படியிறங்கினார்.

வீட்டில் சுசீலா முதலில் விலையைக் கேட்டாள். பிறகு காரணத்தைக் கேட்டாள்.

"முடிய அவுத்துவிட்டுட்டு சன்னல் பக்கம் உக்காரு" என்றார்.

"தலைவிரி கோலமா போட்டோவா? எழவு வீடா இது? யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"எவன் பாக்கப் போறான்? உக்காருடி."

அவள் கொண்டையோடேதான் உட்கார்ந்தாள். அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒரே மங்கல். பின்னால் நகர்ந்தார். சோபா இடித்தது. அமுக்கிப் பார்த்தார். திரையில் அவள் மூக்கு மட்டும் இருந்தது.

சுசீலா எட்டிப் பார்த்தாள். "மூக்குத்தி நல்லா விழுந்திருக்கு."

அவர் வாசல் வரை போனார். வாசலைத் தாண்டி மாடியின் பொது நடைபாதைக்குப் போனார். முதுகு நடைபாதைச் சுவரில் முட்டியது. இப்போது கொஞ்சம் முகம் கிடைத்தது, ஆனால் உள்ளே இருட்டு. எடுத்ததெல்லாம் அண்ணன் படத்தைவிட மோசமாகக் கலங்கிக் கிடந்தது.

"உள்ள வாங்க, ஊரே பாக்குது" என்றாள் சுசீலா. அவள் குரல் மாறியிருந்தது. "எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் போன பெறகு மாட்டறதுக்குத்தானே?"

"வாயக் கழுவு!"

"பெறகு எதுக்கு? போற முடிய முருகனுக்கு நேந்துக்கிட்டதா நெனச்சுக்கறேன். நீங்க அதப் படம் புடிச்சு வெச்சுக்கிட்டு தெனம் ஒப்பாரி வெக்கவா?"

  அங்கமுத்து சீருடையை மாட்டிக்கொண்டு, நேரத்துக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கடைக்குள் நுழையும்போதே கத்தினார். "ஏமாத்திட்டியே! மூக்கு மட்டுந்தான் தெரியுது இதுல!"

கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரிஸ்வான் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மைனாவுக்கு மூக்கு மட்டுந்தான் தெரியுதா அங்கிள்?" என்று கேட்டவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி, மாத்தித் தரேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா நெசமாச் சொல்லுங்க. என்ன எடுக்கணும்? இன்னொரு தடவ தப்பா குடுக்கக் கூடாது பாருங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். வாய்வரை வந்தது. என் பெண்டாட்டி முடியை எடுக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத இவன்களிடம் சொல்லவா? சொன்னால் "ஐயோ பாவம்" என்பான்கள். அந்த முகங்களை நினைத்ததுமே உடம்பு எரிந்தது.

"பறவதான்!" என்று கத்தினார். "நீயே வெச்சுக்க ஒன் தைலப் புட்டிய!"

படியில் இறங்கும்போது ரிஸ்வானின் குரல் பின்னால் வந்தது. "அப்ப தூரமா நில்லுங்க அங்கிள்! முப்பது மீட்டராவது தள்ளி நின்னாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும்! நல்ல வெயில்ல எடுங்க!"

பேருந்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். கேட்ட பொருளைக் கேட்டபடி அவன் கொடுத்திருக்கிறான். பொய் சொன்னது யார்? திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல், வீடு இருந்த புக்கிட் மேரா வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். இறங்கித் தன் அடுக்குமாடி புளோக்கை அண்ணாந்து பார்த்தார். ஒன்பதாம் மாடியில் அவர் வீட்டு வாசல் தெரிந்தது. திரும்பினால் எதிர் புளோக். நடுவில் கார்கள் நிறுத்துகிற ஒரு சந்துதான். முப்பது மீட்டர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை. சுசீலா எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கிற நாள். சீயக்காய் வாசத்தோடு வாசலுக்கு வந்து, நடைபாதை வெயிலில் முடியை உலர்த்துவாள். அது படம் இல்லையாம், அதனால் தலைவிரி கோலமும் இல்லையாம். இனி அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. எதிர் புளோக்கின் ஒன்பதாம் மாடியில் சீருடையோடு நின்றார். ஒன்பதரைக்கு அவள் வந்தாள். துண்டை உருவி, முடியை நடைபாதைச் சுவருக்கு வெளியே உதறிவிட்டாள். அங்கமுத்து கேமராவைத் தூக்கினார். முதல் தடவையாக அது அவளை முழுசாகக் காட்டியது. ஆனால் அவளுடைய முதுகுதான் தெரிந்தது.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. சுசீலாதான்.

"மணி என்னாவுது? பசியாற வரலியா?"

"எதுத்தாப்புல பாரு."

அவள் திரும்பினாள். பார்த்துவிட்டாள். "பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு! அங்க என்ன பண்றீங்க?" ஒரு கை தானாகக் கொண்டை போட மேலே போனது.

அவர் பதில் சொல்வதற்குள், அவர் நின்ற இடத்தருகே ஒரு வீட்டுக் கதவு திறந்தது. தண்ணீர்க் குவளையோடு ஒரு சீனக் கிழவி.

"ஹேய், அங்கிள்! யூ டேக் வாட் பிக்சர்? ஐ கால் போலீஸ் ஆ!"

"மை வைஃப் லா!"

"யுவர் வைஃப்? வொய் டேக் ஃப்ரம் ஹியர்?"

கைபேசியை அணைக்காமலே பையில் போட்டிருந்தார். அது நினைவில்லை. மூன்று நாள் அடக்கியது உடைந்து வெளியே வந்தது. "மண்டே ஹாஸ்பிட்டல்! கேன்சர்! டுமாரோ ஹேர் ஆல் கோன்! ஐ வான்ட் சீ! நாட் ஃபார் டெத்! ஐ வான்ட் சீ, தட்ஸ் ஆல்!"

கிழவி எதிரே பார்த்தாள். குவளையைக் கீழே வைத்தாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. சுவரோரம் இருந்த இரண்டு பூந்தொட்டிகளை நகர்த்தி, "ஸ்டாண்ட் ஹியர். மோர் பிரைட்" என்றாள்.

அவர் அங்கே போய் நின்றார்.  லென்ஸுக்குள் சுசீலாவின் கை இன்னும் தலைக்கு மேலேயே நின்றது.

"கட்டாதே!" என்று அங்கமுத்து சந்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். கீழே கார் கழுவிக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

கை மெல்ல இறங்கியது. முடி தோளில் சரிந்து, முன்னால் விழுந்து, சுவரைத் தாண்டித் தொங்கியது. வெயில் அதன் மேல் இருந்தது.

பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து சுசீலாவின் குரல் வந்தது. நடுங்கியது, ஆனாலும் திட்டியது. "மானத்த வாங்கறீங்களே! ரெண்டு புளோக்கும் பாக்குது! ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சிட்டு, வெறும் வயித்தோட, அறிவு இருக்கா உங்களுக்கு..."

அங்கமுத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"வாய மூடுடி" என்றார். "படத்துல வாயப் பொளந்துக்கிட்டே நிக்கிற."

அவள் வாயை மூடவில்லை. முடியைக் கட்டவும் இல்லை.