தறிகெட்டவள்

...தறிகெட்டவளாம், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அப்பா வாயில், அதுவும் தமிழில், வீட்டில் சோறு கேட்பது, கொஞ்சுவது எல்லாம் எங்கள் சௌராஷ்டிர பாஷையில்தான், திட்டுவதற்கு மட்டும் தமிழ், எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டுமே, "கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், இனிமே நீ வரமாட்டேன்னு... தறிகெட்டவளுக்கு வேலை ஒரு கேடா?" நன்றாக இருக்கிறது நியாயம், மூன்று வருடம் நான் பார்த்த வேலையை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு... அப்படி என்ன செய்துவிட்டேன், நேற்று லோடு ஏற்றி முடிய ஏழரை ஆனது, கூட வேலை பார்க்கும் காளை அண்ணன் தன் வண்டியில் தெருமுனையில் இறக்கிவிட்டார், அம்புட்டுத்தான். பத்து மணிக்குள் மேனேஜர் முன்னால் நின்று நான் வேலையை விடவில்லை என்று சொல்லியாக வேண்டும், இந்த பஸ்ஸோ நகர்வேனா என்கிறது, "உள்ள போங்கம்மா, எம்புட்டு எடம் கெடக்கு!" என்கிறான் கண்டக்டர், எங்கே கிடக்கிறது, உன் தலையிலா?

ஏழு வயதில் முதலில் விழுந்த வார்த்தை, தெருவில் தறிக்காக நீட்டிக் கட்டியிருந்த பாவுக்குள் ஓடி நூலை அறுத்த அன்று, தறியைக் கெடுத்தவள் தறிகெட்டவள், சரிதானே என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன், நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? எட்டாம் வகுப்புப் பரீட்சையில் 'தறிகெட்டு', வாக்கியத்தில் அமைக்க... 'எங்கள் வீட்டில் தறி கெட்டு இரண்டு நாள் சேலை நெய்யவில்லை' என்று எழுதினேன், சோலையம்மாள் டீச்சர் வகுப்புக்கே வாசித்துக் காட்டிச் சிரித்தார், "அடியே இந்துப்ரியா, இது ஒங்க வீட்டுத் தறி இல்லடி, எங்க உசிலம்பட்டிப் பக்கம் மாடு கட்டுற கட்டுத்தறி, அதப் பிடுங்கிட்டு ஓடுறதுதான் தறிகெட்டு ஓடுறது." ஆக, மாடு. ஏழு வயதிலிருந்து என்னை மாடு என்றுதான்... பற்றிக்கொண்டு வருகிறது. சரி, நான் மாடுதான், கட்டுத்தறி யாரப்பா, நீங்களா? கெட்டது தறி என்றால் திட்டு மாட்டுக்கு எதற்கு?

"கப்பலூரெல்லாம் எறங்கு!" இறங்கிவிட்டேன், கம்பெனி கேட் தெரிகிறது, அப்பா சொன்னாரே என்று மேனேஜர் கேட்டால், வேலை பார்ப்பது நான், சொல்ல வேண்டியதும் நான்தான் சார் என்று சொல்ல வேண்டும், சொல்லிப் பார்க்கிறேன், தொண்டை கட்டியிருக்கிறது, காலையில் அப்பாவிடம் அப்படிக் கத்தியது... இல்லையே, அப்பாவிடம் நான் வாயே திறக்கவில்லை. பிறகு யாரிடம்? வாசலில் தங்கை வித்யாஸ்ரீ என் பையைப் பிடித்து இழுத்தாள், ப்ளஸ் டூ முடித்ததும் எனக்கும் அங்கே ஒரு வேலை கேள் அக்கா என்று கெஞ்சினாள், எங்கள் பாஷையில்தான். "உள்ள போடி, தறிகெட்டவளே!" என்றேன். தமிழில். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.