கடைக்குட்டி சொன்ன கணக்கு

அலுவலகத்தில் அவளுக்கு வகைக்காரி என்று பெயர். பெரிய எழுத்துக் குவியலில் ஒரு சொல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் வழிமுறைகளையெல்லாம் சேகரித்து, வம்சாவளி மாதிரி சுவர் முழுக்க வரைந்து வைத்திருந்தாள். அந்த மரத்தை வைத்தே ஒரு மென்பொருள் தொகுப்பும் கட்டினாள். பொதுவான வேலையெல்லாம் வேரில். பிள்ளைகளான வழிமுறைகள் அதை வாங்கிக்கொண்டு அவரவர் தந்திரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியது. பிள்ளைகள் மொத்தம் நாற்பத்தொன்று.

ஒரு கிளை மட்டும் காலி. கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கித் தேடும் வழிக்கான இடம் அது. மூன்று வருடம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம்தான் அதற்கு ஆள் பிறந்தது. வேரின் ஓட்டம் முன்னாலிருந்து போவதால் இதற்கு ஒத்துவரவில்லை. இந்தக் கடைக்குட்டிக்கான ஓட்டத்தையும் தனியாகவே எழுதினாள்.

சோதனை செய்வது அதே அலுவலகத்தில் எதிர் மேசையில் வேலை பார்க்கும் அவள் நாத்தனார்.

"அண்ணி, சோதனைப் பக்கத்துல தேடின சொல்லு பதினொரு இடத்துல இருக்குன்னு நாப்பத்தோரு பேரும் சொல்றாங்க. உங்க கடைக்குட்டி மட்டும் பன்னெண்டுங்குது."

தலைவர் எட்டிப் பார்த்தார். "நாப்பத்தோரு பேரு சேர்ந்தா பொய் சொல்லுவாங்க? நாளைக்குத் தொகுப்பு வெளிய போகுது. அதைத் தூக்கிடுங்கம்மா."

அவள் மத்தியானம் வரை அவகாசம் கேட்டு, சோதனைப் பக்கத்தை அச்சடித்து, விரல் வைத்து எண்ணினாள். நாத்தனார் கோடு போட்டாள். இருவருக்கும் கணினியில் மொத்தம் இருபது வருட அனுபவம். பன்னிரண்டாவது இருந்தது, கடைசி வரியின் கடைசிச் சொல்லாக.

வேர் எப்போதும் ஓர் எழுத்து முன்னதாகவே நின்றுவிட்டிருக்கிறது. பிள்ளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் இத்தனை நாளும் சோதித்தார்கள். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

"கடைக்குட்டி சொன்னதுதான் சார் சரி," என்றாள்.

"அப்ப வேரை எந்தப் புண்ணியவான் எழுதினது?"

நாத்தனார் சன்னலைப் பார்த்தாள்.

"நான்தான்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருத்த வேண்டியிருந்தது ஒரே ஓர் எண். திருத்தி ஓட்டினாள்.

"நாப்பத்திரண்டு பேரும் பன்னெண்டு அண்ணி. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க," என்றாள் நாத்தனார்.

வகைக்காரி வேறொரு சோதனைப் பக்கத்தை அச்சடித்து எடுத்து வந்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.